பங்கு போட்ட மாத்திரைகள்

அமலதாசன் ரெக்சனின் காதைக் கடித்துத் துப்பியபோது காலை ஏழரை மணி இருக்கும். ரெக்சன் எங்கள் டயாலிசிஸ் பிரிவின் டெக்னீஷியன். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவன். "இன்னைக்கு ஒடம்புலேருந்து மூணரை லிட்டர் தண்ணி எடுக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லக் குனிந்தான், அவ்வளவுதான். அமலதாசன் ஊசி ஏறாத கையால் அவன் கழுத்தை வளைத்து இழுத்து, காதைப் பல்லில் கவ்விப் பிய்த்துவிட்டான். பிய்ந்த துண்டு என் கட்டிலுக்கு அடியில் வந்து விழுந்தது.

நாங்கள் பத்துப் பேரும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தோம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றதன் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வரும். நாலு மணி நேரத்துக்குக் கட்டிப்போட்ட மாடு மாதிரிதான். ரெக்சன் தரையில் மண்டியிட்டு, காதிருந்த இடத்தை அழுத்திக்கொண்டு கத்தினான். விரல் சந்தெல்லாம் ரத்தம். அமலதாசன் வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எடு பாப்போம் மூணரை லிட்டரை" என்றான். "நோயாளி கையை அசைக்க வேண்டாம்" என்று மெஷின் தன் பெண் குரலில் திரும்பத் திரும்பச் சொன்னது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பார்க்க நன்றாக இருந்தது.

இனிமேல் என்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் மற்றதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லிங்கதுரை. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் கங்காணி. அறுபது பேரை வேலை வாங்குகிறவன். வேலை வாங்குவதென்றால் நயந்து பேசி வாங்குவதல்ல. இரண்டு அதட்டல், கேட்காவிட்டால் பிடரியில் ஒரு தட்டு. அதையெல்லாம் அடி என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் அளத்தில் ஆள் நிற்கக் கூடாதென்று சட்டம் வந்தபோது, வெயிலில் வற்றி வற்றியே எங்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் போயிருந்தது. எனக்கும் போனது. என் மனைவி தங்கபுஷ்பத்தின் சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று டெஸ்டில் வந்தது. "ஒண்ணை எடுத்துக்கிடுங்க, எனக்கு ரெண்டு எதுக்கு" என்றாள், தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறவள் மாதிரி. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் உயிரோடு இருந்தேன்.

அதற்கு ஒரு தடை இருந்தது. டாக்டர் இளவரசி, நாங்கள் டாக்டரம்மா என்போம், அதை எனக்கு இப்படி விளக்கினார்.

"கிட்னி போனவங்க உடம்புல எப்பவும் ஒரு சின்ன நெருப்பு எரிஞ்சுகிட்டே இருக்கும் லிங்கதுரை. அழற்சின்னு சொல்லுவோம். காயமே இல்லாம உள்ளுக்குள்ள நடக்கிற எரிச்சல். ரத்தக்குழாய், இதயம் எல்லாத்தையும் அது அரிக்கும். அதோட போய்ப் புதுக் கிட்னியை வெச்சா, அதையும் சேர்த்து எரிச்சிரும்."

எங்கள் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். தோலுக்கு மேலிருந்தே ரத்தத்தை அளந்து, அழற்சி எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். எனக்கு அறுபத்திரண்டு. அது பத்துக்குக் கீழே இறங்கி அறுபது நாள் நின்றால் ஆபரேஷன். இறங்காவிட்டால், இதயம் ஒருநாள் நின்று போகும்வரை வாரம் மூன்று தடவை ஊசி.

அந்தச் சமயத்தில் ஒரு வெளியூர்க் கம்பெனி தன் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க எங்கள் பிரிவைத் தேர்ந்தெடுத்தது.

"இது மருந்து இல்ல, சத்துமாத்திரை," என்றார் டாக்டரம்மா. "உள்ள உயிருள்ள கிருமிங்க இருக்கு, நல்ல கிருமிங்க. குடல்ல போய் உட்கார்ந்துகிட்டு, அழற்சியைத் தூண்டுற பொருளைச் சாப்பிட்டுரும்."

"மருந்து இல்லன்னா என்னத்துக்கும்மா இத்தனை கையெழுத்து?" என்று கேட்டார் காசிமணி அண்ணாச்சி. ரேஷன் கடையில் முப்பது வருடம் எடை போட்டு ஓய்வு பெற்றவர், எனக்கு எதிர்க்கட்டில்.

"மருந்துன்னா அனுமதி கிடைக்க அஞ்சு வருஷம் ஆகும். சத்துமாத்திரைன்னா இந்த வாரமே ஆரம்பிச்சிரலாம்." அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "உங்கள்ல அஞ்சு பேருக்கு நிஜ மாத்திரை. அஞ்சு பேருக்கு வெறும் கூடு, உள்ள ஒண்ணும் இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது. தினம் ஒண்ணு. ஒருநாள்கூட விடக் கூடாது."

யாருக்கு எது என்பதை இரண்டே வாரத்தில் பட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு அறுபத்திரண்டு பத்தொன்பதாக இறங்கியது. திரேஸ்புரத்துக் கடல்தொழிலாளி அமலதாசனுக்கும், இறால் கம்பெனியில் வேலை பார்த்த மும்தாஜ் அக்காவுக்கும், இன்னும் இரண்டு பேருக்கும் இறங்கியது. மற்ற ஐந்து பேருக்கும் இருந்த இடத்திலேயே நின்றது. காசிமணி அண்ணாச்சி அந்த ஐந்தில் ஒருவர்.

இந்த இடத்தில் எங்களுடைய முதல் மணி நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ்காரர்களுக்கு வாழைப்பழம், இளநீர், தக்காளி, கருவாடு எல்லாம் விஷம். ஆனால் மெஷினில் படுத்த முதல் ஒரு மணி நேரத்தில் தின்றால், மிச்ச மூன்று மணி நேரத்தில் மெஷின் அதை உறிஞ்சிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. டாக்டரம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். அமலதாசன் வறுத்த நெத்திலி கொண்டுவருவான், மும்தாஜ் அக்கா தக்காளித் தொக்கு, என் வீட்டிலிருந்து நுங்கு. ஒருவர் கொண்டுவந்ததை அவரே தின்னக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். எல்லாம் காசிமணி அண்ணாச்சியின் தூக்குவாளிக்குப் போகும். அவர் பத்தாகப் பிரிப்பார், ரெக்சன் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒரு நெத்திலித் தலைகூடக் கூடக்குறைய இருக்காது.

அன்றைக்குப் பங்கு முடிந்த பிறகு, காசிமணி அண்ணாச்சி தன் பட்டையைப் பார்த்துக்கொண்டே, "நாங்க அஞ்சு பேரும் கூடு திங்கிற கோஷ்டி போல" என்று சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அமலதாசன்தான் முதலில் பேசினான். "அண்ணாச்சி, எம் மாத்திரை டப்பாவை அந்த வாளியில போடும்."

"எலே, கிறுக்கா உனக்கு?"

"நெத்திலியப் பங்கு போடத் தெரியுதுல்லா? நான் மட்டும் பொழச்சு வெளிய போயி, ஆருகூட ஒக்காந்து திங்க?"

மும்தாஜ் அக்கா உடனே தன் டப்பாவை ரெக்சன் கையில் கொடுத்தாள். மற்ற இரண்டு பேரும் கொடுத்தார்கள். கடைசியாக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கொடுக்க மனசில்லை. என் பட்டையில் பத்தொன்பது காட்டுகிறது, இன்னும் ஒரு மாதத்தில் பத்துக்குக் கீழே வந்துவிடும். ஆனால் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த முகத்தோடு மறுப்பது? கொடுத்தேன். கொடுத்துவிட்டு அதற்காகப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஆளுக்கு ஒருநாள் நிஜ மாத்திரை, மறுநாள் வெறும் கூடு. காசிமணி அண்ணாச்சி திங்கள்கிழமைதோறும் வாரத்துக்கானதைப் பொட்டலம் கட்டித் தருவார். வீட்டில் புஷ்பம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று எடுத்துக் கொடுப்பாள். டாக்டரம்மாவிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரெக்சனும் சொல்லவில்லை.

பத்துப் பேருக்கும் எண் முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கூடு தின்றவர்களுக்கு அது வரம். காசிமணி அண்ணாச்சி, "ஆறு மாசம் ஆனாலும் பத்துப் பேரும் ஒண்ணாவே வெளிய போவோம்" என்றார். நாங்களும் நம்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, மும்தாஜ் அக்கா தன் மாமியாரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த கிழவியைப் பார்த்து, "எந்திரிச்சு வாங்க, இன்னொரு தடவை தள்ளணும்" என்றாளாம். எட்டாம் படுக்கைக்காரர் தன் ஆட்டோ மேல் உரசிய பைக்குக்காரனை இறங்கி மிதித்தார், விலா எலும்பு மூன்று போயிற்று. எங்களுக்குள் அதை ஒரு சாதனை மாதிரிதான் பேசிக்கொண்டோம். இத்தனை வருடம் சோர்ந்து கிடந்த உடம்பில் தெம்பு வந்துவிட்டது, சத்துமாத்திரை வேலை செய்கிறது என்றோம்.

எனக்கும் அந்த வெறி அந்த வாரம்தான் வந்தது. மத்தியானச் சாப்பாடு. குழம்பில் உப்பில்லை. எனக்கு உப்பு ஆகாது, ஒரு வருடமாகவே இல்லை. அன்றைக்கு என்னவோ கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று பரவியது. உப்பளத்துக் கங்காணி வீட்டில் உப்பில்லையா என்று கத்தினேன். தட்டு கையிலிருந்து போய்விட்டது. எவர்சில்வர் தட்டு, விளிம்பு புஷ்பத்தின் புருவத்தில் பட்டு எலும்பு தெரியக் கிழித்தது. ஐந்து தையல். வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "எனக்கே தெரியல புஷ்பம், அது நான் இல்ல" என்றேன். அது உண்மைதான். அந்த ஒருநாள் மட்டும் உண்மை.

கல்யாணமான பதினாலு வருடத்தில் அதற்கு முன்னால் நான் அவளை அடித்ததில்லை. கை ஓங்கியிருக்கிறேன், எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஓங்குவது வேறு, அடிப்பது வேறு என்று நினைத்திருந்தேன்.

அதற்கடுத்த வாரம் என் எண் ஏற ஆரம்பித்தது. முப்பத்தெட்டு. அப்புறம் நாற்பத்தாறு. தட்டை வீசியதிலிருந்து ஐந்தாவது வாரம் அறுபதுக்கு வந்து நின்றது. மற்ற ஒன்பது பேருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு. எனக்கு மட்டும் ஏன் ஏற வேண்டும்? காசிமணி அண்ணாச்சி பொட்டலம் மடிக்கும்போது அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடு கோஷ்டிக்காரர். நிஜ மாத்திரை எது, கூடு எது என்று பிரித்து வைத்திருக்கிற ஒரே ஆள். என்னுடைய பங்கைத்தான் அமுக்குகிறார் என்று முடிவு கட்டினேன். முப்பது வருடம் ரேஷன் கடையில் இருந்தவர் யோக்கியனாக இருக்க முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பலகாரம் முடிந்து புஷ்பம் மாத்திரையை நீட்டினாள். பட்டையில் அறுபது.

"எனக்கு மட்டும் ஏட்டி ஏறுது?"

"ஏறுனா ஏறிட்டுப் போட்டும். இன்னும் ரெண்டு மாசம் பொறுங்களேன். டாக்டரம்மாட்ட வேற வழி கேப்போம்."

"பொறுக்கவா? செத்துப் போவேன், தெரியுமா?"

"தெரியும்." அவள் குரலில் நடுக்கமில்லை. "ஆனா வீடு இப்பம் சத்தமில்லாம இருக்கு. எனக்கு அது போதும்."

நான் சாவதைவிட வீடு சத்தமில்லாமல் இருப்பது அவளுக்குப் பெரிதாகப் போய்விட்டது. எனக்கு அப்படித்தான் கேட்டது. கதவுக்குப் பின்னால் உப்பு வாரும் பலகை சாத்தியிருந்தது, ஆளுயரக் கைப்பிடி, வைரம் பாய்ந்த கட்டை. முதல் அடி முதுகில். அவள் சுவரோரம் ஒண்டினாள். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். கம்பு விழுந்த சத்தம் ஒன்று, எலும்பு போன சத்தம் ஒன்று, தனித்தனியாகக் கேட்டது. மூன்றாவது அடியை நான் நிதானமாகவே ஓங்கினேன். கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்றும் பரவவில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்து என்னைப் பிடித்தார்கள். ஏரலிலிருந்து அவள் அண்ணன் ஆட்டோவில் வந்து கூட்டிப்போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கள்கிழமைதான் அமலதாசன் காதைக் கடித்தது. அவனைப் போலீஸ் கொண்டுபோனது. புதன்கிழமை கையில் விலங்கோடு டயாலிசிஸுக்குக் கூட்டிவந்தார்கள். ரெக்சன் தலையில் கட்டோடு வேலைக்கு வந்திருந்தான். எங்களுக்கு ஊசி போட வேறு ஆளில்லை.

எனக்கு இன்னும் ஊசி ஏற்றவில்லை. காசிமணி அண்ணாச்சிக்கு ஏற்றி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மடியில் தூக்குவாளி. திங்கள்கிழமை நடந்த களேபரத்தில் கொடுக்க முடியாமல் போன பொட்டலத்தை எடுத்து நீட்டி, "துரை, இந்தாய்யா ஒம் பங்கு" என்றார்.

"எம் பங்கா, வெறும் கூடா?"

"என்னய்யா பேசுத?"

"எனக்கு மட்டும் அறுவது. ஒமக்கு இருவத்தஞ்சு. எங்கிட்ட களவாண்டுதான திங்கீரு?"

அவர் சிரித்தார். கேலியாக அல்ல, நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. அந்தச் சிரிப்புக்குத் தூக்குவாளியைப் பிடுங்கி முகத்தில் இறக்கினேன். தாடை ஒருபக்கமாகப் போயிற்று. மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின. பிறகு குளுக்கோஸ் தொங்கவிடும் இரும்புக் கம்பியை எடுத்து விலாவில் அடித்தேன், தோளில் அடித்தேன். "அடி கங்காணி, விடாத" என்று அமலதாசன் விலங்கைக் கட்டிலில் அடித்து ஆர்ப்பரித்தான். மும்தாஜ் அக்கா தன் கட்டிலிலிருந்து எழ முயன்று, கையிலிருந்த ஊசியைத் தானே பிடுங்கிக்கொண்டாள். அண்ணாச்சி புரண்டதில் அவர் ஊசியும் பிடுங்கிக்கொண்டது. டயாலிசிஸ் கையில் ரத்தம் சொட்டாது, பீச்சும். சுவரில், மெஷினில், என் சட்டையில் எல்லாம் சூடாக அடித்தது. "அழுத்தம் குறைகிறது" என்றது மெஷின். ரெக்சன் தான் அடி வாங்குவதைப் பொருட்படுத்தாமல் எனக்கும் அவருக்கும் நடுவில் விழுந்து, அவர் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அமலதாசனுக்குக் காவல் வந்த போலீஸ்காரர் என்னைக் கீழே தள்ளி முழங்காலால் அழுத்தியது அதற்குப் பிறகுதான்.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னதும் அவர்தான். என்னைப் பற்றிய புகாராக அல்ல, மாத்திரையைப் பங்கு போட்டதைப் பற்றி.

டாக்டரம்மா எங்கள் கட்டில்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"மாத்திரையை முழுங்காமத் துப்புவாங்க, மறந்துருவாங்க, வித்துக்கூடப் போடுவாங்கன்னு கம்பெனிக்காரங்க விதியெழுதி வெச்சிருக்காங்க," என்றார். "பங்கு போட்டுச் சாப்பிடுவாங்கன்னு யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல. தினம் நெத்திலியப் பங்கு போடுறதப் பாத்துகிட்டே இருந்திருக்கேன்."

"பாதி தின்னா பாதிக் குணம் தெரியும்னு நெனச்சோம்மா," என்றாள் மும்தாஜ் அக்கா.

"எரியிற அடுப்புல குடம் தண்ணியக் கொட்டினா அணைஞ்சிரும். கொஞ்சமாத் தெளிச்சா?"

"பொகையும்."

"அதுதான். தினம் போனா அந்தக் கிருமிங்க குடல்ல நிலைச்சிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போனா, ஏற்கெனவே இருக்கிற கிருமிங்களோட சண்டைதான். அந்தச் சண்டையில வர்ற கசடு ரத்தத்துல ஏறி மூளைக்குப் போகுது. பட்டையில எண் குறையும், ஆனா கோபத்துக்குப் பூட்டு இருக்காது. கம்பெனிக்காரங்க இப்பத்தான் எலிகள்ல பாத்திருக்காங்க. ஒண்ணையொண்ணு தின்னுருச்சாம்."

மும்தாஜ் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அமலதாசன் கட்டிலைவிட்டு இறங்கி ரெக்சன் காலைப் பிடித்தான். "விடுங்கண்ணாச்சி, முடிய வளத்து மறைச்சிக்கிடுதேன்" என்றான் ரெக்சன். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நான் அழவில்லை. எனக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. நான் இல்லை, மாத்திரை. இதைவிட நல்ல செய்தி ஒரு மனிதனுக்கு வேறென்ன வரும்?

மாத்திரையை உடனே எல்லாருக்கும் நிறுத்தினார்கள். வாராவாரம் எங்களிடம் எடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. அதைச் சென்னைக்கு அனுப்பினார்கள். யார் ரத்தத்தில் எவ்வளவு மாத்திரை ஏறியிருந்தது என்று எழுத்தில் வந்துவிட்டால் எங்கள்மேல் போட்ட கேஸைக் கைவிடுவதாக, ஜாமீனில் விட்டபோது இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்குப் பிறகு பத்துப் பேருக்கும் முழு மாத்திரை தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது. காசிமணி அண்ணாச்சியை வார்டில் போய்ப் பார்த்தேன். கம்பிக்குள்ளிருந்து, "நீயாய்யா அடிச்ச, மாத்திரைல்லா அடிச்சிச்சு" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாளே ஏரலுக்குப் போனேன். புஷ்பத்தின் அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். முழங்கை வரை மாவுக்கட்டு. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். எலிக் கதையையும் சொன்னேன்.

"எல்லாம் அந்த மாத்திரை பண்ணின வேலை புஷ்பம். ரத்த ரிப்போர்ட் வந்துட்டா ஒனக்கே தெரியும். நீ வந்துரு. ரெண்டு மாசத்துல ஆபரேஷன்."

"எல்லாரு ரத்தத்தையுமா பாக்காவ?"

"பத்துப் பேருதும். வாரம் வாரம் எடுத்தது எல்லாம்."

அவள் என்னையே பார்த்தாள். புருவத்துத் தையல் ஆறித் தழும்பாகியிருந்தது. "அப்பம் வரட்டும்," என்றாள். "ரிப்போர்ட் வரும்போது நானும் வாரேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல்லையே நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வாரேன் என்று சொல்லிவிட்டாளே.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா இரண்டு பேரையும் அழைத்தார். அவருடைய அறை, மத்தியானம் பன்னிரண்டு மணி. நான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தேன். புஷ்பம் எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்தாள். அவள் அண்ணன் வெளியே நின்றான்.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம்பது பேருக்கு நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு. உங்களுதுதான் புரியல லிங்கதுரை. முதல் ரெண்டு வாரம் முழு அளவு. அடுத்த ரெண்டு வாரம் பாதி. அதுக்கப்புறம் அஞ்சு வாரமா ஒண்ணுமே இல்ல. மாத்திரையைத் துப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. ஒருநாள்கூட விடல. இவ கையாலதான் வாங்கிப் போட்டேன்." எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. "பாத்தீங்களா, காசிமணி அண்ணாச்சி எனக்கு வெறும் கூடாக் குடுத்துருக்காரு. நான் சொன்னது சரியாப் போச்சுல்லா."

"அவரு குடுக்கத்தான் செஞ்சாரு," என்றாள் புஷ்பம். "நாந்தான் பிரிச்சுக் கொட்டிட்டேன்."

டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தார்.

"தட்டை வீசுனீயல்லா, அதுக்கு மறுநாளு தையலைக் காட்ட வந்தேன். மும்தாஜ் அக்கா வீட்டுக்காரரு வெளிய பெஞ்சுல இருந்தாரு. எட்டாம் படுக்கைக்காரரு சம்சாரமும் இருந்தா. மூணு பேரும் பேசிக்கிட்டோம். பங்கு போட ஆரம்பிச்சப்பொறவுதான் இப்படின்னு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. சொன்னா ஒங்க ஆராய்ச்சி நின்னுரும், ஒருத்தருக்கும் கெடைக்காதுன்னு அவங்க பயந்தாங்க. நானும் பயந்துட்டேன் டாக்டரம்மா, அது எந் தப்புதான். ஆனா வீட்டுக்குப் போனதும் இருந்த மாத்திரையப் பூராத் திறந்து, தூளைக் கொட்டிட்டுக் கேப்பை மாவை வெச்சு மூடுனேன். வாரா வாரம் அப்படித்தான் செஞ்சேன். நம்பர் ஏறுனா ஏறட்டும், ஆபரேஷன் ஆறு மாசம் தள்ளிப் போனாப் போகட்டும், இவரு பழையபடி ஆயிட்டாப் போதும்னு நெனச்சேன்."

அவள் என்னிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம்தான் சொன்னாள். அடுத்ததை மட்டும் என்னிடம் சொன்னாள்.

"பழையபடிதான் ஆனீய. மாவைத் தின்னுட்டும் அடிச்சீய."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இதை நான் ரிப்போர்ட்ல எழுதினா இவர்மேல இருக்கிற கேஸ் போகாது, அப்படியே நிக்கும்மா. எழுதணுமா?"

"எழுதுங்க. மாவுன்னே எழுதுங்க."

"கிட்னி?"

"அந்தப் பேப்பர்ல எம் பேரை அடிச்சிருங்க."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நீதான் என் எண்ணை ஏற்றினாய், நீதான் காசிமணி அண்ணாச்சியை அடிக்க வைத்தாய், என் உயிரை வைத்து விளையாடினாய் என்று வாய்வரை வந்தது. "ஏட்டி" என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். மேஜைமேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டு என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. விரல்கள் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தேன். எட்டு வாரமாக என் ரத்தத்தில் எந்த மாத்திரையும் இல்லை.

புஷ்பத்தின் பக்கம் திரும்பினேன். என் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் அவள் இல்லை. பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அதை இழுத்துக்கொண்டுபோய்த் திறந்திருந்த கதவோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள், என் கை எட்டாத தூரத்தில்.